பெரிய கோயிலில் ஒரு கல்வெட்டு நடை: வழிகாட்டிச் சேவை பற்றிய மதிப்புரை

சென்ற மார்கழியில், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் கல்வெட்டுகளை வாசித்துக் காட்டியபடியே அழைத்துச் செல்லும் வழிகாட்டி நடை ஒன்றில் கலந்துகொண்டேன். காலை ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிந்த அந்த நடைக்குத் தலைக்கு 700 ரூபாய் கட்டணம். குழுவில் பதினாறு பேர் இருந்தோம். சிறு வயது முதல் இக்கோயிலுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். அப்போதெல்லாம் காதில் விழுந்தவை, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது போன்ற பேச்சுகள்தாம். நிழல் விழுவதைச் சற்று நேரம் நின்றால் எவரும் பார்த்துவிடலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசன் தன் வாயால் சொல்லிக் கல்லில் வெட்டச் செய்தவற்றை எடுத்துச் சொல்ல ஒருவர்கூட அமையவில்லையே என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக இருந்தது. இந்தச் சேவை அந்த ஏக்கத்தைப் பெரும்பகுதி தீர்த்தது.

எங்களை அழைத்துச் சென்றவர் கல்வெட்டியல் பயின்ற இளம்பெண். கேரளாந்தகன் திருவாசலின் முன் எங்களை நிறுத்தி, முதலில் அந்தப் பெயரின் பொருளைச் சொன்னார். சேரரை வென்றதால் முதலாம் இராசராசன் பூண்ட பட்டம் அது. இறைவனைக் காண வருகிற ஒவ்வொருவரும் அரசனுடைய வெற்றியின் பெயரைத் தாங்கிய வாயிலைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அடுத்த வாயிலுக்கு இராசராசன் திருவாசல் என்று பெயர். கோயிலுக்கே இராசராசேச்சரம் என்று பெயர். இவற்றை நான் தனித்தனியாக அறிந்திருந்தேன். ஆனால் அந்த வாயில்களின் வழியே நடந்துகொண்டே கேட்டபோதுதான், சிவபாதசேகரன், அதாவது சிவனின் திருவடியைத் தலையில் சூடியவன், என்று தன்னை அழைத்துக்கொண்ட ஓர் அரசன் பக்தியையும் ஆட்சியையும் ஒரே கட்டடத்தில் எப்படிப் பிணைத்தான் என்பது முழுமையாக விளங்கியது. விமானத்தின் மேல்நிலைக் கோட்டங்களில், அதாவது சுவர் மாடங்களில், வில்லேந்திய திரிபுராந்தகர் வரிசையாக நிற்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். சிவனுக்கு எத்தனையோ வடிவங்கள் இருக்க, மூன்று கோட்டைகளை எரித்த போர்வீரனின் வடிவம் அத்தனை முறை செதுக்கப்பட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப்படுகிறது.

இந்த நடையின் உயிர்நாடி விமானத்தின் அடித்தளத்தில் நாங்கள் செலவிட்ட ஒரு மணி நேரம். தாம் கொடுத்தவை, தம் அக்கன் குந்தவை கொடுத்தவை, தம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் கல்லில் வெட்டும்படி அரசன் பிறப்பித்த ஆணையை அவர் விரலால் எழுத்தைத் தொடர்ந்தபடியே படித்தார். முன்கூட்டியே எங்களுக்குக் கொடுத்திருந்த சிறு கையேட்டில் அதே வரிகள் இக்கால எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததால், கல்லையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து நாங்களும் சில சொற்களைக் கண்டுபிடித்தோம். ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே உரிமை பூண்டமை மனக்கொள’ என்ற மெய்க்கீர்த்தியின், அதாவது அரசனின் வெற்றிகளைப் புகழும் பாடலின், தொடக்கத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பிறருடைய நாட்டைப் பிடித்த செய்தி, நிலமகள் விரும்பி வந்து மணந்துகொண்ட செய்தியாக அங்கே மாறியிருக்கிறது.

அரசன் கொடுத்த பொன்னும் வெள்ளியும் எங்கிருந்து வந்தன என்பதைக் கல்வெட்டு மறைக்கவே இல்லை. சேரமானையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து, அதாவது கருவூலத்திலிருந்து, கொடுத்தவை என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. குழுவில் இருந்த முதியவர் ஒருவர், “இவ்வளவு பக்தியுள்ள ராஜா, கொள்ளையடிச்ச பொருளையா சாமிக்குக் கொடுத்தார் அம்மா?” என்று மனம் வருந்திக் கேட்டார். வழிகாட்டி அவசரப்படவில்லை. “அது தப்புன்னு அவர் நெனைச்சிருந்தா கல்லுல வெட்டச் சொல்லியிருக்க மாட்டார் ஐயா. போரில் வென்றதை இறைவனுக்குக் கொடுத்தால் அந்தப் போரே இறைவனுக்கான தொண்டாகிவிடும் என்பது அக்கால அரசர்களின் எண்ணம்” என்றார். நான் கேட்ட விளக்கங்களுள் இதுவே மிகத் தெளிவானது.

அதன்பின் அவர் கோயிலின் பொருளாதாரத்துக்கு வந்தார். ஒரு விளக்கு நாள்தோறும் உழக்கு என்ற சிறு அளவு நெய்யில் எரிவதற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்று நெய் அளக்க வேண்டிய இடையர்கள். கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டியாகப் பெற்றார்கள். மெய்காவலர்களையும் கணக்கர்களையும் ஊர்கள் அனுப்ப வேண்டியிருந்தது. ஈழத்து ஊர்களும் இக்கோயிலுக்கு வருவாய் தந்தன. எனக்கு எல்லாவற்றிலும் வியப்பூட்டியவை அளவைகளே. பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று பெயர். வரியாக வரும் நெல்லையே இறைவனின் பெயர் கொண்ட மரக்காலால் அளக்கும்போது, அந்த அளவைக் குறித்துக் குடியானவன் ஐயம் எழுப்புவது எளிதாக இருந்திருக்காது.

நடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கென அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர், பற்றிய நீண்ட கல்வெட்டுக்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்கப்பட்டது. திருவாரூர், திருவையாறு உள்ளிட்ட பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் ஒதுக்கி, அவர்களின் பெயர்களையும் எந்தத் தெரு, எந்த வீடு என்பதையும் எழுதிவைத்த பட்டியல் அது. ஓர் ஆணையால் அத்தனை பெண்கள் தங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். அதிகாரம் சமயத்தின் வழியாக மனித வாழ்வை எப்படித் தொட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இக்கோயிலில் வேறில்லை. அங்கே கால் மணி நேரமாவது நின்று பத்துப் பெயர்களையாவது வாசித்திருக்க வேண்டும். அந்தப் பெண்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

கடைசி அரை மணி நேரம் விரைவாக ஓடியது. நந்தி மண்டபம் நாயக்கர் காலத்தது என்ற ஒற்றை வரியோடு அதைக் கடந்தோம். மராத்தி மொழியில் சுவரை நிறைத்திருக்கும், தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களான போன்சலே வமிசத்தின் வரலாற்றின் முன்னும் நிற்கவில்லை. 1799-இல் ஆட்சியை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையளவில் அதிகாரம் சுருங்கிப்போன சரபோசி மன்னர், 1803-இல் தம் முன்னோரின் வரலாற்றை வெட்டுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் இராசராசன் கட்டிய கோயிலின் சுவர். இதை விளக்காமல் விட்டது பெரிய இழப்பு.

நேர நெருக்கடியிலும் ஒரு செய்தியை வழிகாட்டி விடாமல் சொன்னார். தஞ்சையில் சிவனுக்கு இக்கோயிலை எடுத்த அதே இராசராசன், நாகப்பட்டினத்தில், கடல் கடந்த சுமத்திராவைச் சேர்ந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரை என்ற புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடுத்தான். கடல் வணிகத்துக்கு அந்த நட்பு தேவையாக இருந்தது. அவன் மகன் இராசேந்திரன் 1025-இல் அதே ஸ்ரீவிசயத்தின் மீது கப்பற்படையை அனுப்பினான். இதைக் கேட்டபின் குழுவில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பதினாறு பேர் என்பது இவ்வகை நடைக்கு அதிகம்; பின்வரிசையில் நின்றவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. பத்துப் பேரோடு நிறுத்தினால் நலம். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் நேரில் காண இயலாது என்பதால், அவற்றின் படங்களையாவது கையேட்டில் சேர்க்கலாம். கட்டணம் நியாயமானதே. செல்ல விரும்புவோர் குளிர்காலத்துக் காலை நேரத்தையே தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நின்று கல்வெட்டுப் படிப்பது முதியவர்களுக்கு இயலாது. முன்பதிவு செய்யும்போதே, தளிச்சேரிக் கல்வெட்டுக்கும் மராத்திக் கல்வெட்டுக்கும் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் தைப் பொங்கலுக்குப் பிறகு என் மகளோடு மறுபடியும் பதிவு செய்திருக்கிறேன். அந்த வேண்டுகோளை எழுதியும் அனுப்பியிருக்கிறேன்.