ஜூனில் ஒரு நாள்: வின்ட்சரா, ஹென்லியா, ஸ்ட்ராட்ஃபோர்டா?

மே மாதம் முடிகிற நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கிவிடுவார்கள். லண்டனை மூன்று நாள் சுற்றியதும் கால் வலிக்கிறது என்பார்கள். அப்புறம் சொல்லிவைத்தாற்போல் அதே கேள்வி வரும்: "கூட்டம் கம்மியா, ஆறு, பழைய கட்டடம்னு ஒரு சின்ன ஊர் இருந்தா கூட்டிட்டுப் போயேன்." ஒன்று என்ன, மூன்று ஊர் கைவசம் இருக்கிறது. தேம்ஸ் கரையில் வின்ட்சர். அதே தேம்ஸில் இன்னும் மேலே போனால் ஹென்லி. வடமேற்கே வெகுதூரம் தள்ளி, ஏவன் ஆற்றங்கரையில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு. ஒரு நாளில் ஒன்றுதான் முடியும். எதற்குப் போவது?

கோட்டை, நினைவில்லம், மியூசியம் என்று எண்ணிப் பார்த்துத்தான் பலரும் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிசம்பரில் அது சரி. ஜூன் தொடக்கத்தில் நான் வேறு கணக்குப் போடுவேன். பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும் மாதம் இது. சூரியன் மறையவே இரவு ஒன்பது தாண்டிவிடும். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடங்களோ சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கதவைச் சாத்திவிடும். மிச்சம் இருக்கும் நாலு மணி நேர வெளிச்சத்தை என்ன செய்வது? அதற்கு எந்த ஊர் நல்ல பதில் வைத்திருக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் என் ஓட்டு.

போக்குவரத்தை முதலில் முடித்துவிடலாம். வின்ட்சருக்கு வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில், ஒரு மணி நேரம்போல ஆகும். இறங்கும் ஸ்டேஷனே ஆற்றை ஒட்டித்தான் இருக்கிறது. பேடிங்டனில் ஏறி ஸ்லவ்வில் மாறினால் இன்னும் சீக்கிரம். அங்கிருந்து ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் ஆறே நிமிடத்தில் கொண்டுபோய் விடும். ஹென்லிக்கும் பேடிங்டன்தான், ட்வைஃபோர்டில் மாறி, வார்கிரேவ், ஷிப்லேக் தாண்டினால் 12 நிமிடத்தில் ஊர். மொத்தம் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு மேரில்போனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் வழியில் ஒரு மாற்றமும் உண்டு. பர்மிங்ஹாம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தலைகீழ். அவர்களுக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு ஒரு மணி நேரத்துக்குள்.

வின்ட்சரில் இறங்குகிறவர் ஆற்றைப் பார்ப்பதில்லை. தலை தானாகக் கோட்டைப் பக்கம் நிமிர்ந்துவிடும். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் கட்ட ஆரம்பித்த கோட்டை. இன்றும் அரச குடும்பம் புழங்குகிறது. பெரியவர்களுக்கு டிக்கெட் 30 பவுண்டுக்குக் குறையாது. உள்ளே மூன்று மணி நேரம் போவதே தெரியாது, ஆனால் ஏற்றம் உண்டு, முட்டிவலிக்காரர்கள் மெதுவாக ஏற வேண்டும். எனக்கு அங்கே பிடித்தது மகுடமும் கட்டிலும் இல்லை. கிராண்ட் வெஸ்டிப்யூல் என்ற கூடத்தில் ஒரு புலித்தலை இருக்கிறது. மரத்தின் மேல் தங்கத் தகடு, பல் வரிசை முழுக்கப் படிகக் கல். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. அதே கூடத்தில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனைக் கொன்ற குண்டும் இருக்கிறது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் குண்டு முன்னால் நிற்கும், நம் ஆட்கள் புலி முன்னால் நிற்பார்கள். ஒருமுறை என்னோடு வந்த பெரியப்பா அந்தப் பல்லையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்துதான், "நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றார்.

செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அதே டிக்கெட்டில் அடங்கும். எட்டாம் ஹென்றியும், தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸும் ஒரே நிலவறையில் கிடக்கிறார்கள். 2022இல் இறந்த எலிசபெத் ராணி பக்கத்துச் சிறு ஆலயத்தில். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பொறி எங்கே என்றால், கிழமையில். கோட்டை வழக்கமாகச் செவ்வாயும் புதனும் மூடியிருக்கும், தேவாலயத்துக்குள் ஞாயிறன்று வழிபாட்டுக்கு மட்டும்தான் அனுமதி. ஆக, முழுசாகப் பார்க்க வியாழன், வெள்ளி, சனி, திங்கள்தான் மிஞ்சும். இது தெரியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மூடிய வாசலில் நின்றவன் நான். கோட்டை மதிலைச் சுற்றி வந்துவிட்டு, "வெளியே இருந்து பாத்தாதான் அழகு" என்று சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

ஆறு அங்கே இல்லாமல் இல்லை. ஈட்டன் பக்கம் போகும் இரும்புப் பாலம் 1824இல் திறந்தது. 1970 முதல் வண்டிகளுக்கு இடமில்லை, நடந்துதான் போக வேண்டும். பாலத்தடியில் அன்னங்கள் படையாக இருக்கும். ஜூனில் சாம்பல் நிறக் குஞ்சுகளும் தாய்க்குப் பின்னால் வரிசையாக வரும். பார்க்க அழகு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வழியில்லை. அத்தை தயிர்சாத டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், ஓர் அன்னம் கரையேறிவந்து பையின் காதைப் பிடித்து இழுத்தது. அது இழுக்க, அத்தை இழுக்க, கடைசியில் ஊறுகாய்ப் பொட்டலம் தேம்ஸில் போயிற்று. இன்னொன்று, ஹீத்ரோ பக்கம் என்பதால் தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து மணிக்கு மேல் கூட்டம் ரயிலேறிப் போனபின் ஊர் கொஞ்சம் மூச்சு விடும். அப்போது கோட்டையிலிருந்து செம்புக் குதிரைச் சிலை வரை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடாகப் போகும் லாங் வாக் பாதையில் நடக்கலாம். அருமையான நடைதான், என்ன, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரை எல்லாரும் பார்த்துவிடுவார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பிறந்த வீடு அந்த ஊரிலேயே ஹென்லி ஸ்ட்ரீட் என்ற தெருவில். தோட்டத்தில் தாகூருக்கு ஒரு மார்பளவுச் சிலை உண்டு. புதைத்த இடம் ஆற்றோரம் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில். கல்லில் பெயர் கிடையாது, எலும்பை நகர்த்துகிறவனுக்குச் சாபம் மட்டும் இருக்கிறது. கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்த நியூ பிளேஸ் வீடு இப்போது இல்லை. பின்னாளில் அதை வாங்கிய பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்ற பாதிரியாருக்கு, ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கொட்டை மரத்தைப் பார்க்க வருகிறவர்களின் தொல்லை தாங்கவில்லை. முதலில் மரத்தை வெட்டினார். 1759இல் வீட்டையே இடித்தார். ஜூன் மாதச் சனிக்கிழமை மத்தியானம் ஹென்லி ஸ்ட்ரீட்டில் நின்று பாருங்கள், பாதிரியார் மேல் கொஞ்சம் இரக்கம் பிறக்கும்.

ஜூனில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போவதற்கு நல்ல காரணம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் ஷாட்டரியில் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே வளர்ந்த கூரைவேய்ந்த வீடு. அந்தத் தோட்டம் இந்த மாதம்தான் முழு வீச்சில் பூத்திருக்கும். ஆற்றுப் பக்கம் எனக்குப் பிடித்தது தியேட்டருக்குக் கீழே ஓடும் சங்கிலிப் படகு. 1937இல் கட்டியது. மோட்டார் கிடையாது, படகோட்டி ஒரு கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஆற்றடியில் கிடக்கும் சங்கிலி கடகடவென்று மேலே ஏறி வந்து படகை அக்கரைக்கு இழுக்கும். சில்லறைக் காசுதான் கட்டணம், ஓரிரு நிமிடத்தில் அக்கரை. குழந்தைகளோடு போனால் நாலு தடவை போய்வர வேண்டியிருக்கும், எச்சரிக்கை.

சரி, ஐந்து மணிக்குப் பிறகு? ஸ்ட்ராட்ஃபோர்டின் பதில் நாடகம். ஆற்றங்கரையிலேயே ராயல் ஷேக்ஸ்பியர் தியேட்டர். இடைவேளையில் வெளியே வந்தால் அப்போதும் வெளிச்சம் இருக்கும், தண்ணீரில் படகுகள் கட்டிக் கிடக்கும். இதற்கு ஈடு மற்ற இரண்டு ஊரிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடகம் முடிந்தபின் லண்டனுக்கு ரயில் பிடிப்பது பெரும்பாடு. ராத்தங்கல் உண்டென்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

ஹென்லிக்கு வருவோம். இங்கே கோட்டை இல்லை, பெரிய கவிஞர் யாரும் பிறக்கவில்லை. கூட்டிப்போனவர்கள் முதல் அரைமணி நேரம், "இங்க என்ன பார்க்கணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய பாலத்தை 1774இல் வெள்ளம் கொண்டுபோனது. இப்போதிருக்கும் ஐந்து வளைவுக் கல்பாலம் 1786இல் வந்தது. நடு வளைவின் இரு பக்கமும் ஆன் சீமோர் டேமர் என்ற சிற்பி செதுக்கிய முகங்கள் இருக்கின்றன. மேலாற்றைப் பார்ப்பது ஐசிஸ் என்ற பெண், கீழாற்றைப் பார்ப்பது தாடிவைத்த தேம்ஸ் கிழவர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பெண் சிற்பி செய்த வேலை. பாலத்தின் மேல் நடக்கிறவருக்கு இது கண்ணிலேயே படாது, படகில் இருப்பவருக்குத்தான் தெரியும். பாலத்தடியிலுள்ள ஏஞ்சல் மதுக்கடையின் நிலவறையில் அதற்கும் முந்தைய பாலத்தின் ஒரு வளைவு இன்னும் இருக்கிறது.

ஹென்லி தன் ஆற்றை ஒளித்துவைப்பதில்லை. 1829இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முதலாகப் படகுப் போட்டி நடத்தியது இங்கேதான். 1839இல் ஊரே தனக்கென்று ஒரு ரெகாட்டா, அதாவது படகுப் போட்டித் திருவிழா, தொடங்கியது. இன்றுவரை இரண்டிரண்டு படகாக, தோற்றவர் வெளியே என்ற முறையில்தான் நடக்கிறது. தூரம் 2,112 மீட்டர். எட்டுப் பேர் படகு ஆறேழு நிமிடத்தில் முடித்துவிடும். போட்டி ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில். நாம் போகும் ஜூன் தொடக்கத்தில் ஆற்றில் கம்பங்களும் வெள்ளை மரத் தடுப்புகளும் போட்டுவைத்திருப்பார்கள், புல்வெளியில் கூடாரம் ஏறிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரத்து வீடு மாதிரி. கரையோரப் பாதையில் போட்டித் தடத்தை எதிர்த்திசையில் நடந்தால் டெம்பிள் தீவு, அங்கே 1771இல் மீன்பிடிக்க வருகிறவர்களுக்காகக் கட்டிய குட்டி மாளிகை. இன்னும் கொஞ்சம் போனால் ஹாம்பிள்டன் மதகு, வெள்ளைப் பலகை வேய்ந்த ஆலை. தட்டையான பாதை, முட்டி தாங்கும். சாயங்காலம் பயிற்சிக்கு வரும் படகுகள் சத்தமில்லாமல் கடந்து போகும். துடுப்பு ஏறும் 'டக்' என்ற ஒரே ஒலி, பிறகு சைக்கிளில் கூடவே கத்திக்கொண்டு போகும் பயிற்சியாளர். இதற்கு டிக்கெட் கிடையாது.

ரெகாட்டா வாரத்தில் மட்டும் போகாதீர்கள். ரயிலில் நிற்க இடமிருக்காது. ஸ்டூவர்ட்ஸ் என்க்ளோஷர் என்ற பகுதிக்குள் உறுப்பினரும் விருந்தினரும் மட்டுமே. ஆண்களுக்குக் கோட்டு, டை, பெண்களின் பாவாடை விளிம்பு முழங்காலுக்குக் கீழே. பெண்கள் பேண்ட் போடலாம் என்று இறங்கி வந்ததே 2021இல்தான். வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்றால் கரையோரப் பாதை இலவசம். வின்ட்சருக்கும் இதே மாதிரி ஒரு கண்டம் உண்டு: ஜூன் நடுவில் ஐந்து நாள் ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயம்.

காசு விஷயத்தில் மூன்றும் மூன்று விதம். வின்ட்சரில் பெரும் செலவு கோட்டை டிக்கெட். வெளியே வரும்முன் அதை ஓராண்டு அனுமதியாக மாற்றித் தரச் சொல்லிவிடுங்கள், நேரடியாக அவர்களிடம் வாங்கியிருந்தால் செய்வார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டணம். ஹென்லியில் பார்க்கக் காசு வேண்டாம், சாப்பிடத்தான் வேண்டும். பணக்கார ஊர், அது மெனுவிலேயே தெரியும். புளியோதரை கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். அங்கேயும் அன்னங்கள் உண்டு, ஆனால் வின்ட்சர் அளவுக்கு ரவுடித்தனம் இல்லை.

ஆக, முதல் தடவை இங்கிலாந்து வருகிறவர், ஊருக்குப் போய்ப் படம் காட்ட வேண்டும் என்றால் வின்ட்சர். நாடகப் பிரியரும் ராத்தங்க முடிந்தவரும் ஸ்ட்ராட்ஃபோர்டு. இரண்டாம் தடவை வருகிறவர், ஆற்றோரம் சும்மா உட்காரத் தெரிந்தவர் என்றால் யோசிக்காமல் ஹென்லி.

கார் இருந்தால் ஹென்லியிலிருந்து இருபது நிமிடத்தில் ஸ்டோக் ரோ என்ற கிராமத்துக்கும் போய்விடுங்கள். ஆற்றைவிட்டு மேலே சுண்ணாம்புக் குன்றில் இருப்பதால் அங்கே தண்ணீர் அந்தக் காலத்தில் பெரும்பாடு. வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக ஒரு பையன் அடி வாங்கிய கதையை, அந்தப் பக்கத்துக்காரரான எட்வர்ட் ரீட் என்ற அதிகாரி காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொல்லியிருக்கிறார். மகாராஜா பணம் கொடுத்தார். 1864இல் கிணறு திறந்தது. ஆழம் 368 அடி, முழுக்கக் கையால் தோண்டியது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மேலே கும்மட்டம், அதனடியில் இரும்புச் சக்கரங்கள், அவற்றின் உச்சியில் பொன்னிறக் குட்டி யானை. புலித்தலை முன்னால் பேசாமல் நின்ற அதே பெரியப்பா இங்கே கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், "நம்ம ஊரு கெணறு" என்றார். திரும்பி ஹென்லிக்கு வந்தபோது மணி எட்டு. பாலத்தின் மேல் இன்னும் வெயில் அடித்தது.