குந்தும் பேனா, கொமட்டா? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

பழைய மலசலகூடத்தை உடைத்துப் புதிதாக அமைக்கத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போவது ஹாட்வெயார் கடைக்கு. எங்கள் கரையோரத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, வளவின் மூலையில் இருக்கும் மலக்குழியையே என்பது என் உறுதியான கருத்து. எழுவான்கரையில், கல்லடியிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஊடாகக் கல்முனை வரை, நிலம் பெரும்பாலும் மணல். உறிஞ்சு குழிக்குப் போகும் நீர் விரைவாக இறங்கிவிடும்; ஆனால் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லாததால், நெருக்கமான வளவுகளில் அது அயலவர் கிணற்றையும் எட்டக்கூடும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலை அண்டிய களிமண் நிலத்திலோ நீர் எளிதில் இறங்காது. கார்த்திகை, மார்கழி மாரியில் குழி நிரம்பியபடியே நிற்கும். எந்த நிலமானாலும், குழிக்கு எவ்வளவு குறைவாக நீர் போகிறதோ அவ்வளவுக்கு நல்லது. தரையோடு பதித்த, குந்தியிருக்கும் பேனையும், கதிரை போல் உட்காரும் கொமட்டையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும்.

குந்தும் பேனுக்குச் சாதகமானவை குறைவல்ல. அதற்கு 2 அல்லது 3 லீற்றர் நீரை வேகமாக ஊற்றினால் போதும். குழாயில் தண்ணீர் நின்றுபோன நாளிலும் கிணற்று வாளி ஒன்று இருந்தால் வேலை நடக்கும். பழுதாவதற்கு அதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. விலையும் கொமட்டை விட மிகக் குறைவு. குந்தியிருக்கும் நிலையில் மலக்குடலின் வளைவு ஓரளவு நேராகி, மலம் அதிக முக்கலின்றி இறங்குகிறது என்பதும் உடற்கூற்றியல் ஒப்புக்கொண்ட உண்மை. பாதத்தைத் தவிர உடம்பின் எந்தப் பாகமும் பேனைத் தொடுவதில்லை என்பதால், பலர் வந்துபோகும் வீட்டில் அதுவே சுத்தமானது என்று நினைப்பவர்களை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் முழங்கால் இவற்றுக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. எங்கள் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்கே சீதனமாகப் போகிறது. பெற்றோரும் அதே வளவில், பல வேளைகளில் அதே கூரையின் கீழ், மகளுடன் தங்கள் முதுமையைக் கழிக்கிறார்கள். ஆகவே 35 வயதில் தன் வீட்டுக்கு மலசலகூடம் தெரிவு செய்யும் பெண், உண்மையில் 70 வயது அம்மாவுக்கும் 4 வயதுப் பிள்ளைக்கும் சேர்த்தே தெரிவு செய்கிறாள். மூட்டு வலியோடு குந்திய ஒருவர் எழும்போது கைக்கு எட்டுவது தண்ணீர்ப் பைப் மட்டுமே. அதை இழுத்து இழுத்து எழுவதால் பைப் சுவரோடு சேர்ந்து தளர்ந்துபோன மலசலகூடங்களை எங்கள் ஊர்களில் சாதாரணமாகக் காணலாம். ஈரத் தரையில் அந்தப் பிடி ஒருநாள் தவறினால் இடுப்பு எலும்பு முறியும். வயதானவர் இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணமே கொமட்டின் பக்கம் தீர்ப்புச் சொல்லப் போதுமானது என்று நான் கருதுகிறேன்.

வெள்ளமும் கொமட்டுக்கே சாதகமாக நிற்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, குழியில் நீர் ஏறினால் மலசலகூடம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குந்தும் பேனின் வளைகுழாய் தரைக்குக் கீழே புதைந்திருக்கிறது. கொமட்டிலோ நீர் நிற்கும் மட்டம் தரைக்கு மேலே இருக்கிறது. இந்த இரண்டு மட்டங்களுக்கும் இடையே ஏறக்குறைய ஓர் அடி அல்லது அதற்கும் மேலான வித்தியாசம் உண்டு. குழியில் நீர் உயரும்போது பேன் முதலில் இறங்க மறுக்கும், கொமட் சற்றுப் பிந்தி மறுக்கும். குந்தும் பேனையே விரும்புவோர் இதனை ஈடுசெய்ய, இரண்டு படி உயர்த்திய மேடையில் அதைப் பதிக்கலாம். ஆனால் அந்தப் படிகள் மீண்டும் முழங்காலுக்கே எதிரியாகும்.

இனி கொமட்டுகளுக்குள் ஒப்பீடு. கடைக்காரர் அழகு, நிறம், மூடி மெதுவாக இறங்குவது ஆகியவற்றைக் காட்டுவார். நாம் கேட்க வேண்டியது அது வொஷ்டவுன் வகையா, சைபோனிக் வகையா என்பது. வொஷ்டவுனில் மேலிருந்து விழும் நீரின் வேகமே கழிவைத் தள்ளுகிறது. அதன் உள்வழி குட்டையானது, அகலமானது. சைபோனிக்கில் நீண்டு வளைந்த, ஒடுங்கிய உள்வழி நீரால் நிரம்பி, கழிவை உறிஞ்சி இழுக்கிறது. பின்னது சத்தம் குறைந்தது. கிண்ணத்தில் நீர்ப்பரப்பு பெரிதாக இருப்பதால் கறை ஒட்டுவதும் வாடை எழுவதும் குறைவு. ஆனால் ஒடுங்கிய வழி எளிதில் அடைபடும்; உறிஞ்சல் தொடங்க ஒரே வீச்சில் போதிய நீர் வந்தாக வேண்டும். பாதி அடைத்த குழாயும் மாரியில் நிரம்பி நிற்கும் குழியும் உள்ள வீட்டில் அந்த உறிஞ்சல் சரியாகப் பிடிக்காது. கிண்ணத்தின் பின்சரிவில் கறை படியும், ஒரு தூரிகை அருகில் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர, வொஷ்டவுனுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. எங்கள் கரையோரத்துக்கு வொஷ்டவுனே ஏற்றது.

இரு வகையிலும் வாடையைத் தடுப்பது வளைவில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர் காப்புரிமை பெற்ற அந்த வளைவின் தத்துவம் இன்றும் மாறவில்லை. வெளிநாட்டிலிருப்போரின் பூட்டிய வீடுகளில் கோடையில் அந்த நீர் வற்றிப்போவதால்தான் வீடு முழுக்க வாடை அடிக்கிறது. இடையிடையே ஒரு வாளி நீர் ஊற்றச் சொல்லிவைத்தால் போதும்.

கழிவு வெளியேறும் வாயைப் பொறுத்து எஸ் ட்ராப், பீ ட்ராப் என்று இன்னொரு பிரிவு உண்டு. எஸ் ட்ராப் தரைக்குள் இறங்கும். பீ ட்ராப் பின்சுவர் வழியாக வெளியேறும். புதுக் கட்டடத்தில், அதிலும் மேல்மாடியில், பீ ட்ராப் நல்லது. தரையை உடைக்காமல் குழாயைத் திருத்தலாம். பழைய குந்தும் பேனை எடுத்துவிட்டு அதே இடத்தில் கொமட் வைப்பவர்களுக்கு எஸ் ட்ராப்தான் வழக்கம், ஆனால் அளவு பிசகினால் பெரும் சிக்கல். பேனுக்காகப் போட்ட குழாய் பின்சுவரிலிருந்து தள்ளி இருக்கும். எனவே கடைக்குப் போகுமுன், டைல்ஸ் ஒட்டி முடித்தால் சுவர் எங்கே வந்து நிற்குமோ அந்த இடத்திலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். பூச்சுச் சுவரிலிருந்து அளந்தால் டைல்ஸும் அதன் கலவையும் சேர்ந்து ஓர் அங்குலம் வரை விழுங்கிவிடும். கொமட்டுகள் பெரும்பாலும் 4, 9, 12 அங்குலம் போன்ற குறிப்பிட்ட அளவுகளிலேயே வருகின்றன. உங்கள் அளவு இடையில் விழுந்தால், வளைந்த இணைப்புகளால் சமாளிப்பதை விடக் குழாயை நகர்த்துவதே நல்லது; அந்த இணைப்புகளின் வளைவில்தான் பின்னாளில் அடைப்பு தொடங்கும்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. கொமட்டின் கழிவு வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளேயும் பளபளப்புப் பூச்சு வழுவழுவென்று இருந்தால் நல்லது. சட்டித்துண்டு போலச் சொரசொரப்பாக இருந்தால் கழிவு அங்கே ஒட்டும்.

ஒற்றைத் துண்டு கொமட் துடைக்க எளிது, ஆனால் கனமானது, விலை கூடியது. இரண்டு துண்டில் தொட்டி தனியாகப் பொருத்தப்படும். ஒரு பாகம் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். கடற்காற்றும் உவர் கிணற்று நீரும் உள்ள ஊர்களில் தொட்டியைப் பிணைக்கும் ஆணிகள் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளையாக இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் வகை பார்வைக்கு நன்று. ஆனால் அதன் தொட்டி சுவருக்குள் மறைந்திருப்பதால், பழுது பார்க்கத் தேர்ந்த பிளம்பர் அருகில் இல்லாத ஊரில் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

உயரத்தில் அவசரம் கூடாது. வழக்கமான இருக்கை உயரம் ஏறக்குறைய 16 அங்குலம். முதியோருக்கென விற்கப்படுவது 17 முதல் 19 வரை. நெட்டையான ஒருவருக்கு அது வசதி. குட்டையான அம்மம்மாவுக்குக் கால் தரையில் ஊன்றாது தொங்கும். வழக்கமான உயரத்தோடு சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்றைப் பொருத்துவது பல வீடுகளுக்கு அதை விடப் பயன் தரும்.

நீர் அளவுதான் குழியோடு நேரடியாகத் தொடர்புடையது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் நாளுக்கு ஐந்து முறை பயன்படுத்துவதாகக் கொண்டால், 9 லீற்றர் பழைய தொட்டி நாளுக்கு 225 லீற்றரைக் குழிக்கு அனுப்பும். 6 லீற்றரும் 3 லீற்றருமாக இரட்டை பொத்தான் உள்ள தொட்டியில், ஒருவர் ஒரு முறை பெரியதையும் நான்கு முறை சிறியதையும் அழுத்தினால், அது 90 லீற்றராகக் குறையும். மாதத்துக்கு மிச்சம் ஏறக்குறைய 4,000 லீற்றர். அதாவது கூரையிலுள்ள 1,000 லீற்றர் தாங்கி நான்கு முறை நிரம்பும் அளவு. மாரியில் குழியை இறைக்கப் பவுசரை அழைக்கும் நாளைத் தள்ளிப்போட இதை விட எளிய வழி இல்லை. 4.5 லீற்றர் வகை இன்னும் சிக்கனமானது. ஆயினும் குழி தூரத்தில் இருந்து குழாயின் சரிவும் போதாவிட்டால், கழிவு பாதிவழியில் தங்கிவிடும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி இறக்கம் இல்லாத இடத்தில் 6 லீற்றரோடு நிற்பதே பாதுகாப்பு.

இந்தச் சிக்கனத்தையெல்லாம் தொட்டிக்குள் இருக்கும் ஒரு தேய்ந்த ரப்பர் வளையம் வீணாக்கிவிடும். மணல் கலந்த கிணற்று நீரில் அது விரைவில் தேயும். கசியும் நீர் சத்தமின்றி இரவு பகலாகக் குழிக்குள் போகும். தொட்டி நீரில் சில துளி கேக் நிறம் இட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டால், கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஆகவே கொமட் வாங்கும்போதே அதன் உள்ளுறுப்புகள் மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். கொழும்பிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றால், எவ்வளவு அழகானதாயினும் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.