கொடிமலையில் மோதிரம் நீட்டப் போகிறவர்களுக்கு: ஓர் இட விமர்சனம்

பினாங்கில் சர்ப்ரைஸாக ப்ரபோஸ் பண்ண இடம் கேட்டால் முதலில் வருகிற பெயர் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். குளிர்ந்த காற்று, கீழே ஜார்ஜ்டவுன் விளக்குகள், ரயிலில் ஏறிப் போகும் சுகம். பெயர் வாங்கியதில் தப்பில்லை. ஆனால் வார நாள் மாலையில் ஐந்துக்கு நான்கரை கொடுக்கக்கூடிய இதே இடத்துக்கு, பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் இரண்டு கொடுப்பதே தாராளம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அலங்காரமோ மோதிரத்தின் விலையோ இல்லை. ரயில் வரிசையும் பொழுது சாயும் நேரமும்தான்.

ஆயர் ஈத்தாம் பக்கமுள்ள கீழ் நிலையத்திலிருந்து ஏறும் இந்த மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011-இல் புது ரயில் வந்தபின் ஒரே மூச்சில் மேலே போய்விடலாம். பாதையின் நீளம் 1,996 மீட்டர். ஒரே கம்பிவடத்தில் இரண்டு ரயில்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவழியில் ஒன்றுக்கொன்று விலகிக்கொள்ளும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 பேர். கூட்டம் எவ்வளவு கூடினாலும் மூன்றாவது ரயில் விட வழியே கிடையாது. அதனால்தான் விடுமுறை நாளில் வரிசை அப்படி நீள்கிறது. ஃபாஸ்ட் லேன் டிக்கெட் விலை கூடுதல்தான். இந்த ஒரு நாளைக்கு அது வீண் செலவு இல்லை. போகவும் வரவும் சேர்த்தே எடுங்கள். மைகாட் (மலேசிய அடையாள அட்டை) இருந்தால் மலேசியர் கட்டணம். இருவருடையதும் கையில் இருக்கட்டும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் கீழ் நிலையத்தில். மேலே ஒளிந்திருக்க வேண்டிய நண்பர்கள் தாமதமாக வருவார்கள்; டிக்கெட் கூடத்தில், கையில் பூங்கொத்தோடு, நேருக்கு நேர் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே போக ஒரே கூடம்தான், ஒதுங்க மூலை கிடையாது. நண்பர்கள் 4.30-க்கு ஏறிவிட வேண்டும். நீங்கள் இருவரும் 5.30-க்கு. நண்பர்கள் மேலே சேர்ந்ததாகச் செய்தி வராமல் நீங்கள் காரை விட்டு இறங்கக் கூடாது. அவர்களுடைய காரை உங்கள் காதலி அடையாளம் கண்டுபிடிப்பாள் என்றால் கிராப் வாடகைக் காரில் வரட்டும். ஜார்ஜ்டவுனில் உள்ள கொம்தார் கோபுரத்திலிருந்து 204-ஆம் எண் பேருந்தும் உண்டு.

அடுத்தது பலரும் தவறவிடும் விஷயம். மேல் நிலையத்தை ஒட்டிய பார்வை மேடை கிழக்கே பார்த்திருக்கிறது. எதிரே ஜார்ஜ்டவுன், கொம்தார், கடல், 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம், அக்கரையில் பட்டர்வொர்த். சூரியன் மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால், மலைக்கு அந்தப்புறம். “சூரியன் கடலில் இறங்கும்போது முழங்கால் போடுவேன்” என்று கணக்குப் போட்டு வருகிறவருக்கு இங்கே அந்தக் காட்சி கிடைக்காது. கிடைப்பது அதைவிட நல்லது. சூரியன் மறைந்து பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரை வானம் ஆழ்ந்த நீலமாக நிற்கும், ஊர் விளக்குகள் எல்லாம் எரிந்திருக்கும். நம் பக்கத்தில் அந்தி நீண்டு நிற்பதில்லை. அந்தப் பத்து நிமிடம் போனால் பின்னணி வெறும் கறுப்பு. பினாங்கில் சூரியன் நவம்பரில் ஏறக்குறைய 7 மணிக்கும், ஜூலையில் 7.40 வாக்கிலும் மறைகிறது. போகிற தேதிக்கு உரிய நேரத்தைப் பார்த்து, அதோடு பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் முகூர்த்தம். ராகு காலம் பார்க்கும் வீடாக இருந்தாலும் கவலை வேண்டாம். அது பகல் பொழுதைப் பிரித்துப் போடும் கணக்கு, பொழுது சாய்ந்தபின் எந்தக் கிழமையிலும் குறுக்கே வராது.

விடிகாலையில் எழுந்து வரக்கூடிய ஜோடி என்றால் சூரியோதயம் அதே மேடையிலிருந்து நேர் எதிரே தெரியும், கூட்டமும் குறைவு. பினாங்கில் சூரியன் உதிப்பது எந்த மாதத்திலும் 7 மணிக்கு மேல்தான், ஆகவே முதல் ரயிலைப் பிடித்தால் போதும். ஆனால் காலை ஐந்தரைக்கு ஒரு பெண்ணை எழுப்பி, நன்றாக உடுத்தச் சொல்லி, மலைக்கு அழைத்துப் போனால் அதில் என்ன சர்ப்ரைஸ் மிச்சமிருக்கும்?

மாதம் பார்ப்பதும் முக்கியம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மாலை மழை அதிகம். மழை விட்டதும் மலை மேல் மூடுபனி ஏறி, கீழே ஊரே இல்லை என்பது போல் வெள்ளையாகிவிடும். வானம் தெளிவாக இருப்பது ஜனவரி, பிப்ரவரியில். அந்த மாதங்கள் நமக்கும் தோதானவை: ஜனவரி நடுவில் மார்கழி முடிந்து தை பிறந்துவிடும், அதன்பின் பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டு தேதிகளை மட்டும் விலக்குங்கள். தைப்பூசத்தை ஒட்டிய மூன்று நாள் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் சாலைகள் அடைபடும். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கெக் லோக் சி கோயில் விளக்கலங்காரம் பார்க்க வருகிற கார்களால் ஆயர் ஈத்தாம் இரவில் நகராது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. உங்கள் இருவருக்கும் அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். செய்தியைக் கேட்கப் போகும் பாட்டிக்கு இருக்கும்.

மேலே எந்த இடம்? பார்வை மேடையின் நடுப்பகுதி வேண்டாம், அங்கே எல்லாரும் செல்ஃபி எடுப்பார்கள். ஓரமாக, விளக்குக் கம்பம் முகத்துக்கு நேராக வெளிச்சம் தரும் இடமாகப் பார்த்து நண்பர்கள் முன்கூட்டியே நின்றுகொள்ளட்டும், நேரம் வந்ததும் விலகிக் கொடுக்கட்டும். அமைதி வேண்டும், மேசை வேண்டும் என்றால் ஸ்ட்ராபெரி ஹில்லில் உள்ள டேவிட் பிரௌன் உணவகத்தில் முன்பதிவு செய்யலாம். ஹாபிடாட் வனப்பகுதியில் 1.6 கிலோமீட்டர் நடைபாதையும், 230 மீட்டர் தொங்கு நடைபாலமும், நாலாபக்கமும் பார்க்கக்கூடிய கர்ட்டிஸ் கிரெஸ்ட் வட்டப் பாலமும் உண்டு. மேற்குக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு அந்த வட்டப் பாலம்தான். நுழைவுக் கட்டணம் தனி; அந்தி வரை உள்ளே இருக்க விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சேலை, குதிகால் செருப்பு இரண்டுக்கும் அந்த நடைபாதை ஆகாது.

அலங்காரத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. மெழுகுவர்த்தி அந்தக் காற்றில் நிற்காது, காட்டோரம் நெருப்பு வைப்பதும் சரியில்லை. பேட்டரி விளக்கு பன்னிரண்டு போதும். ஹீலியம் பலூனை நூறு பேர் நெருக்கும் ரயிலில் கொண்டுவருவது நண்பர்களுக்குத் தண்டனை. ரோஜா இதழ் தூவினால் கூட்டி எடுப்பதும் உங்கள் வேலை, துணிப் பையில் சின்ன துடைப்பம் இருக்கட்டும். வளைவு, பேனர், பணம் வாங்கிப் படம் எடுக்கும் கேமராக்காரர், ட்ரோன் என்று போனால் மலை நிர்வாகத்திடம் முன் அனுமதி கேளுங்கள். மல்லிகைச் சரம் லிட்டில் இந்தியாவில் மதியம் மூன்று மணிக்கு மேல் வாங்கி, ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தால் இரவு வரை வாடாது. ஐஸ் பெட்டியில் வைத்தால் பழுத்துவிடும். கேக், முறுக்கு எதையும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்கு சாது, மரத்தை விட்டு அதிகம் இறங்காது. நீண்ட வால் குரங்கு பையைப் பார்த்தால் விடாது, உள்ளே மோதிரப் பெட்டி இருக்கிறதா என்றும் கேட்காது.

மோதிரத்தில் பெரிய சிக்கல் அளவு. விரலைச் சுற்றி நூல் கட்டி அளக்கும் வழி ஏமாற்றும், நூல் 2.5 மில்லிமீட்டர் நீண்டாலே அமெரிக்க அளவில் ஒரு முழு சைஸ் மாறிவிடும். அதே விரலில் அவள் போடும் பழைய மோதிரம் ஒன்றைத் தங்கையோ தோழியோ மூலம் ஒரு மணி நேரம் கடன் வாங்கி, நகைக்கடையில் அளவுகோலில் போட்டுப் பார்ப்பதே சரி. 916 தங்கம் (22 காரட்) மென்மையானது, பிறகு அளவு மாற்றுவது சுலபம். பெரிய கல் வைப்பதென்றால் கல்லைப் பிடிக்கும் நகங்கள் வளையாமல் இருக்க 750 (18 காரட்) நல்லது. சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை அளவு மாற்றப் பெரும்பாலும் முடியாது, அதை சர்ப்ரைஸுக்கு வாங்க வேண்டாம். மலை மேல் ஊரைவிட ஐந்து டிகிரி போலக் குளிர் கூடுதல், விரல் சற்று மெலிந்து மோதிரம் தளரும். கம்பித் தடுப்பிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி முழங்கால் போடுங்கள். தடுப்புக்கு வெளியே விழுந்தால் காட்டுக்குத்தான் சொந்தம். ஜிப்பாவின் பக்கப் பையை நம்பாதீர்கள், உட்காரும்போது வழுக்கி விழும். பெட்டியை நண்பரிடம் கொடுத்து வைக்கும் யோசனையும் வேண்டாம். அவர் கடைசி நிமிடத்தில் கழிப்பறையில் இருப்பார்.

படம் எடுக்க இரண்டு பேர், இரண்டு போன். அந்த வெளிச்சத்தில் நைட் மோடுக்கு ஒன்றிரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும், முழங்கால் போடும் கணத்தில் யார் நிற்பார்? ஆகவே அந்தக் கணத்துக்கு வீடியோ மட்டும், முகத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு. மோதிரம் போட்டபின் இருவரையும் நிறுத்தி வைத்து நைட் மோடில் படம். ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்னால் ஊர் காணாமல் போகும். எடுப்பவர் மூன்று நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும்; தூரத்திலிருந்து ஜூம் பண்ணினால் வெறும் புள்ளிகள்தான்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் போன் வழியாகத்தான். நண்பர்களுக்குத் தனி வாட்ஸ்அப் குழு தொடங்கினால் அதற்கு “வெள்ளிக்கிழமை பூட்சால்” போலச் சுவையற்ற பெயர் வையுங்கள். ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அவளுடைய அத்தை மகள் எவ்வளவு நெருக்கமானாலும் அன்றைக்கு மதியம்தான் தெரிய வேண்டும். மேலே ஏறிய நண்பர் யாரும் மலைக் காட்சியை ஸ்டோரி போடக் கூடாது. ரயில் வரிசையில் நிற்கும்போது அவள் பார்ப்பது அதைத்தான்.

அவள் சரி சொன்னபின், கோயில் நடை திறந்திருந்தால், மேலேயே இருக்கும் அருளொளித் திருமுருகன் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு இறங்கலாம். அர்ச்சனைத் தட்டுக்குச் சில்லறைப் பணம் வைத்திருங்கள். கோயில் வாசலையே ப்ரபோஸ் பண்ணும் இடமாக்குவது மட்டும் வேண்டாம், கும்பிட வந்தவர்கள் கைதட்ட வரவில்லை.

இருட்டியதும் மேலே இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்ப்பார்கள். அந்த வரிசை எரிச்சலானது, ஆனால் போன் பண்ண வேண்டிய நேரம் அதுதான். முதலில் அவளுடைய அம்மா அப்பா, அடுத்து உங்கள் வீடு, பிறகு தாய்மாமன், அதன்பின் வெளியூரில் இருக்கும் நெருங்கிய நண்பர்கள். கோலாலம்பூர் நண்பர்களுக்குப் படம் அனுப்பும்போது “இரவு பத்து வரை யாரும் பகிர வேண்டாம்” என்று சேர்த்து எழுதுங்கள். மாமா ஃபேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டால் கல்யாண மண்டபம் வரைக்கும் அந்தப் பேச்சு வரும். பொதுவில் போடும்போது “நிச்சயமாகிவிட்டது” என்ற சொல்லைத் தவிருங்கள். நம் வீடுகளில் நிச்சயம் என்றால் தட்டு மாற்றி, தாம்பூலம் வைத்து, பெரியவர்கள் உட்கார்ந்து செய்கிற சடங்கு. “சம்மதம் சொல்லிவிட்டாள்” என்று எழுதினால் யாருக்கும் உறுத்தாது. எங்களைக் கேட்காமல் எப்போது நிச்சயம் பண்ணினீர்கள் என்று கேட்டு மறுநாள் காலை யாரும் போன் பண்ண மாட்டார்கள்.