வின்டரா, சம்மரா, ஆல் சீசனா: எந்த டயர் போடுவது?

பனி விழுந்தால்தான் வின்டர் டயர் தேவை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மூன்று வகை டயரையும் பிரிப்பது பனி அல்ல, குளிர். சம்மர் டயரின் ரப்பர் வெயிலில் தாங்குவதற்காகவே சற்றுக் கெட்டியாகச் செய்யப்படுகிறது. குளிர் ஏற ஏற அது இன்னும் விறைத்துப்போய், ரோட்டின் சொரசொரப்பைக் கவ்வ முடியாமல் மேலோட்டமாகத் தேய்த்துக்கொண்டு போகும். வின்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஓர் உத்தேசக் கணக்குதான், 8-இல் நன்றாகப் பிடித்த டயர் 6-இல் திடீரென்று வழுக்காது. ஆனால் காலையில் நாம் வண்டியை எடுக்கும் நேரத்துக் குளிர் என்ன என்று யோசிக்க அந்தக் கணக்கு உதவும்.

எனக்கு இது புரிந்தது ஒரு வெயில் அடித்த காலையில். வானம் பளிச்சென்று இருந்தது, பனி துளிகூட இல்லை, ரோடும் காய்ந்துதான் தெரிந்தது. மரநிழல் விழுந்த ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி மட்டும் நிதானமாக நிறுத்தக்கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எதிரே யாரும் இல்லை, அதனால் தப்பித்தேன். டயர் ஒன்றும் மொட்டை இல்லை, பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள், நன்றாக இருந்த சம்மர் டயர்தான். நிழலில் இருந்த கண்ணுக்குத் தெரியாத உறைபனிக்கு அது போதவில்லை.

அதற்காக சம்மர் டயரைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலிலும் மழையிலும் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் வர முடியாது. அதன் பட்டன்கள் பெரிதாக, விறைப்பாக இருப்பதால் வேகமாகத் திருப்பும்போதும் அழுத்தி பிரேக் போடும்போதும் வளைந்து கொடுப்பதில்லை, பட்டன்களுக்கு இடையே உள்ள அகலமான காடிகள் மழைத்தண்ணீரை வெளியே தள்ளிவிடுவதால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும் ஆபத்தும் குறைவு. வருஷம் முழுக்க வெப்பம் உள்ள இடமா? கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுங்கள், வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை.

வின்டர் டயரைக் கையில் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பட்டன் ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறினாற்போல மெல்லிய கீறல்கள் வரிவரியாக இருக்கும். வண்டி ஓடும்போது அவை விரிந்து நூற்றுக்கணக்கான விளிம்புகளாகப் பனியைக் கவ்வும், காடிகளுக்குள் பனி அடைந்துகொள்ளும். பனி அடைந்தால் வழுக்கும் என்றுதான் நானும் நினைத்தேன், உண்மை நேர்மாறு: பனியோடு பனி நன்றாக ஒட்டும், பனி உருண்டை பிடிக்கும்போது பார்க்கலாம். பின்லாந்தில் 1934-லேயே லாரிகளுக்கென்று வின்டர் டயர் செய்துவிட்டார்கள். அங்கேகூடக் கோடையில் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று வின்டர் டயரையே கோடையிலும் ஓட்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடான ரோட்டில் அந்த இளகிய பட்டன்கள் துவளும், பிரேக் தூரம் நீளும், டயரும் வேகமாகத் தேயும்.

சரி, வருஷம் முழுக்க ஒரே செட்டாக ஓட்டும் ஆல் சீசன். குழப்பமெல்லாம் இங்கேதான், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. 1977-இல் குட்இயர் கம்பெனியின் டியெம்போ டயரோடு தொடங்கிய பழைய வகை டயர்களில் பெரும்பாலும் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருக்கும். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி அது, அதற்குப் பனிச்சோதனை எதுவும் கட்டாயமில்லை. இன்னொரு வகையில் மூன்று மலைமுகடுகளுக்குள் ஒரு பனித்துகள் படம் இருக்கும், அது பனியில் சோதித்துத் தேறினால்தான் கிடைக்கும். 2015-இல் வந்த மிஷ்லின் கிராஸ்கிளைமேட் இந்த இரண்டாவது வகை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் வெறும் 'எம் பிளஸ் எஸ்' குளிர்கால டயர் கணக்கில் சேராது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம், அங்கேயும் இந்தப் படம் உள்ள டயரைத்தான் கேட்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல் டயரின் பக்கவாட்டில் அந்தப் படத்தைத் தேடுங்கள். படம் இருந்தால் லேசான பனிக்கும் ஈரக்குளிருக்கும் நம்பிப் போகலாம். கெட்டிப்பட்ட பனிக்கட்டிக்கும் மலைப்பாதைக்கும் நல்ல வின்டர் டயர் அளவுக்கு அது ஈடு கொடுக்காது, கடும் வெயிலில் சம்மர் டயர் அளவுக்கும் நிற்காது.

நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை இருக்கிறது, எந்த டயராக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். அந்த இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவது டயரின் வேலை, எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. வழுக்காமல் கிளம்பிவிட்ட தைரியத்தில் வேகம் கூட்டிவிடுகிறோம் என்பதுதான் இதில் எனக்கு இருக்கும் பயம். அப்புறம், முன்னால் இரண்டு மட்டும் வின்டர் டயர் போடும் பழக்கம்: திருப்பத்தில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் விசிறிக்கொண்டு போகும். போட்டால் நான்கும் போடுங்கள்.

இரண்டு செட் வாங்கினால் செலவு இரட்டிப்பு என்பது பாதி உண்மைதான். ஒன்று ஓடும்போது மற்றது தேயாமல் கிடக்கிறது, ஆகவே இரண்டும் கூடுதல் காலம் வரும். உண்மையில் கூடும் செலவு ரிம்மும், மாற்றும் கூலியும், வைக்க ஓர் இருட்டான, குளுமையான, ஈரமில்லாத இடமும். இந்த இடம் இல்லாதவர்களுக்கு ஆல் சீசன் பெரிய நிம்மதி. பனிக்காலத்தில் பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 1.6 மட்டுமே, ஆனால் அந்த ஆழத்தில் பனியைக் கவ்வ ஒன்றும் மிஞ்சாது.

என் முடிவு இது. குளிர் மாதங்களில் விடிகாலையில் கட்டாயம் வண்டி எடுத்தாக வேண்டும், ரோட்டில் பனி வாரக்கணக்கில் கிடக்கும் என்றால் இரண்டு செட்தான், பேச்சே இல்லை. பனி வருஷத்துக்கு நாலைந்து நாள்தான், அன்றைக்கு வண்டியை எடுக்காமல் வீட்டிலேயே இருக்க முடியும், ஓட்டமும் பெரும்பாலும் ஊருக்குள்ளேதான் என்றால் பனித்துகள் படம் போட்ட ஆல் சீசன் போதும். எதை வாங்கினாலும் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2323 என்றால் 2023-இன் 23-வது வாரத்தில் செய்தது. குளிர் தொடங்கியதும் டயரின் காற்றழுத்தத்தையும் சரிபாருங்கள், 10 டிகிரி இறங்கினால் அது சுமார் 0.1 பார் குறைந்திருக்கும்.