குல்மார்க் பனிச்சறுக்கு: வாங்க வேண்டியவை, வாடகைக்கு எடுக்க வேண்டியவை, பீரோவில் பாழாகிறவை

சென்னையிலிருந்து முதல்முறை குல்மார்க்குக்கு ஸ்கீயிங் கிளம்புகிறவர்கள் காசைக் கொட்டுவது பெரும்பாலும் ஜாக்கெட்டில்தான். அது தப்பான இடம். புதிதாகக் கற்றுக்கொள்பவர் விழுவார், பனியிலேயே உட்கார்ந்து இளைப்பாறுவார், முட்டி போட்டு ஸ்கீயைச் சரிசெய்வார். நனைவதெல்லாம் இடுப்புக்குக் கீழும் இரண்டு கைகளும். கையில் இருப்பது குறைந்த பணம் என்றால் பேன்ட், கையுறை, காகிள்ஸ், ஹெல்மெட், சாக்ஸ் ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள். ஜாக்கெட்டுக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

பேன்ட் வாங்கும்போது லேபிளில் 5,000, 10,000 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். துணி எவ்வளவு நீர் அழுத்தம் தாங்கும் என்பதற்கான அளவு அது. ஜனவரியில் குல்மார்க் பனி உலர்ந்த தூள், உதறினால் போய்விடும். அதற்கு 5,000 போதும். மார்ச்சில் மதியத்துக்கு மேல் பனி ஈரமாகிக் கனக்கும். அதில் உட்கார்ந்தால் உடம்பு எடையே தண்ணீரைத் துணிக்குள் தள்ளிவிடும், 10,000 இல்லாமல் சரிப்படாது. பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, பின்புறத் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேப் இல்லாத தையலில் ஒவ்வொரு ஊசித் துளையும் ஓர் ஓட்டைதான். கால் முனையில் பூட்ஸ் மேல் இழுத்துவிடும் எலாஸ்டிக் உறையும், கணுக்கால் உள்பக்கம் தடித்த துணி ஒட்டும் இருக்க வேண்டும். ஸ்கீயின் இரும்பு விளிம்பு கிழிப்பது சரியாக அந்த இடத்தைத்தான். டெகாத்லானின் வெட்ஸே வரிசையில் தொடக்கநிலைப் பேன்ட்டுகள் உண்டு, விலையும் கையைக் கடிக்காது. கிழிந்தால் டெய்லரிடம் கொடுக்காதீர்கள். பசை தடவிய நைலான் ஒட்டுத் துணியை உள்ளும் புறமும் ஒட்டினால் பல சீசன் தாங்கும்.

மலையேற்றத்துக்கு வாங்கிய மழை ஜாக்கெட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் ஸ்கீக்கும் அதுவே போதும். உள்ளே ஒரு ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற பாலியஸ்டர் சட்டை), அதற்குள் உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை. இரண்டு கைகளையும் தூக்கிப் பாருங்கள், இடுப்பு வெளியே தெரிந்தால் மட்டும் வேறு பாருங்கள். இறகு அடைத்த தடிமனான கோட் சாயங்காலம் தெருவில் நடக்க அருமை. ஸ்கீ செய்யும்போது வியர்வையில் இறகு நனைந்து கட்டி கட்டியாகிவிடும். குல்மார்க்குக்குக் கீழே இருக்கும் டங்மார்க் ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்குத் தரும் நீளக் கோட்டும் கம்பூட்டும் போட்டோவுக்குச் சரி, ஸ்கீக்கு ஆகாது.

தெர்மல் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். நம் கடைகளில் 'தெர்மல்' என்று கிடைப்பதில் நிறைய பருத்திக் கலப்பு. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு உலராமல் உடம்போடு ஒட்டும்; நின்ற இரண்டாவது நிமிடம் குளிர் எலும்பில் இறங்கும். பகலுக்கு முழு பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி எடுங்கள். பருத்தி செட் இரவில் தூங்க உதவும். ஏற்கெனவே ஓட்டப் பயிற்சிக்கு பாலியஸ்டர் முழுக்கை டீஷர்ட் வைத்திருப்பவர் தெர்மல் மேல்சட்டை வாங்கவே வேண்டாம்.

சாக்ஸ் ஒன்றுதான். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி மாட்டினால் ஸ்கீ பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் நசுங்கி, விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். இரண்டு துணிக்கு இடையில் உரசிக் கொப்புளமும் வரும். முழங்கால் வரை ஏறும், கம்பளி கலந்த, மெல்லிய சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். தெர்மல் பேன்ட்டின் முனையைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. அந்த ஒரு மடிப்பு சாயங்காலத்துக்குள் கணைக்கால் எலும்பில் ரணம் வைத்துவிடும்.

மலிவுச் சாமான்களில் முதலில் கைவிடுவது கையுறை. வெளித்துணி கிழிவதற்கு முன்பே உள்ளே வேலை கெட்டுவிடுகிறது. ஈரக் கையை வேகமாக உருவும்போது உள் லைனிங்கும் கூடவே வெளியே வரும், பிறகு அதன் விரல்கள் பழைய இடத்துக்குப் போகவே போகாது. கடையிலேயே கையுறையைப் போட்டு, விரல் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். லைனிங் நகர்ந்தால் வேண்டாம். உள்ளே ஒரு மெல்லிய கையுறை போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். உள்ளங்கையில் தோல் வைத்தது நெடுநாள் உழைக்கும், ஆனால் ஓட்டல் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் ஒரே இரவில் சுருங்கி விறைக்கும். நான்கடி தள்ளி, விரல் மேல்நோக்கி நிறுத்துங்கள்.

ஒரே ஒரு காகிள்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எஸ்2 வகை லென்ஸ் (எண் கூடக் கூட லென்ஸ் கருமையாகும்). எஸ்3 நல்ல வெயிலுக்கு. மேகமூட்டத்தில் அதைப் போட்டால் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியாது. லென்ஸ் இரட்டை அடுக்காக இருக்கட்டும். ஆவி படிவது பெரும்பாலும் நெற்றிக்கு ஏற்றி வைப்பதால்தான். வியர்க்கும் தலையின் சூடும் ஈரமும் நேரே உள்ளே போகிறது. உள்பக்கம் நனைந்திருக்கும்போது விரலால் துடைத்தால் ஆவி படியாமல் தடுக்கும் பூச்சே போய்விடும். கண்ணாடி அணிகிறவர்கள் கண்ணாடி மேல் போடும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஹெல்மெட் சொந்தமாகப் புதியது, ஸ்கீ ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இஎன் 1077 முத்திரையோடு. பழையது எத்தனை அடி வாங்கியது என்று வெளியே பார்த்தால் தெரியாது.

ஸ்கீ, பூட்ஸ், ஊன்றுகோல் (போல்) மூன்றும் வாடகைக்கே. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் விடுவார்கள். பூட்ஸே மூன்று நான்கு கிலோ இருக்கும். இங்கே எடுத்து வந்து வைத்தால் கடற்காற்றில் விளிம்பு துருப்பிடிக்கும். வாடகைக் கடையில் பூட்ஸ் அளவு பாதத்தின் சென்டிமீட்டர் கணக்கு. 26.5 செ.மீ. பாதத்துக்கு 26.5 பூட்ஸ். நேராக நின்றால் பெருவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கினால் எழும்பக் கூடாது. கீழ் பக்கிள்களைத் தளர்வாகவும் கணுக்கால் பக்கிளை இறுக்கமாகவும் போடுங்கள். ஸ்கீயின் உயரம் மோவாய் வரை போதும். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கைத் திருகும்போது உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், அனுபவம் எல்லாம் கேட்டுத்தான் திருக வேண்டும். கேட்காமல் முன்பு வந்தவர் வைத்துவிட்டுப் போன அளவிலேயே கொடுத்தால் வாங்காதீர்கள். விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ளாவிட்டால் முழங்கால்தான் திருகும்.

பனியில் வருடம் ஒரு வாரம்தான் இந்தத் துணிகள் இருக்கின்றன. மீதி 51 வாரம் சென்னைப் புழுக்கத்தில். மலிவு ஜாக்கெட், பேன்ட்டுகளின் உள்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகவே சிதையும்: முதலில் பிசுபிசுப்பு, பிறகு வெள்ளைப் பொடி, கடைசியில் பழைய ரெக்ஸின் சீட் மாதிரி செதில் செதிலாக உரியும். தையல் டேப்பும் கழன்று தொங்கும். கூடுதல் விலை கொடுத்தவருக்கும் இது வரும், கொஞ்சம் தாமதமாக. காகிள்ஸ் ஓர நுரையும் பேன்ட் எலாஸ்டிக்கும் இதே வழிதான்.

தள்ளிப்போட முடியும். ஊர் திரும்பியதும் ஜிப்களைப் பூட்டி, திரவ சோப்பு கொஞ்சமாக விட்டுத் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். கம்ஃபர்ட் வகையறா வேண்டவே வேண்டாம், அது நீர் ஒட்டாத மேல்பூச்சை மூடிவிடும். நிழலில் முழுக்க உலர்ந்தபின், லேபிள் அனுமதித்தால் மேலே மெல்லிய துணி விரித்து, குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் அந்தப் பூச்சு மீண்டும் வேலை செய்யும். பிளாஸ்டிக் கவரிலோ காற்றை உறிஞ்சி எடுக்கும் பையிலோ அடைக்காமல், ஏசி ஓடும் அறையின் பீரோவில் தொங்கவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பரண் ஆகவே ஆகாது. காகிள்ஸ் பக்கத்தில் பூச்சி உருண்டை போடாதீர்கள்.

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடும் முன், பேன்ட்டின் பின்பக்கத்தை ஒரு பக்கெட் வாய் மேல் லேசாகக் குழித்து விரித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் சொட்டினால் அந்தப் பேன்ட்டை மாற்றுங்கள், ஜாக்கெட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.