சென்னை – கோவை விமானம்: 400 கி.மீ.க்கு எத்தனை மணி நேரம்?

சென்னை மீனம்பாக்கம், கோவை பீளமேடு விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 400 கி.மீ. தூரம். ரயில் பாதையில் 496 கி.மீ. டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து கோவையில் போய் நிற்கும் வரைக்குமான கணக்கு. ஜெட் வானில் இருப்பது முக்கால் மணிக்குச் சற்றுக் கூட. மீதி, ஓடுதளம் வரை ஊர்வதும் வரிசையில் நிற்பதும்தான்.

காற்றும் கணக்கில் சேரும். விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) அடித்தால் மேற்கே பார்த்துக் கிளம்பி நேராகக் கோவைக்குத் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் கடல் பக்கமாக ஏறி வளைந்து வர வேண்டும். சென்னை திரும்பும்போது இது தலைகீழ்: மேல்காற்று நாளில் கடல்வரை போய்ச் சுற்றி வந்துதான் இறங்கும்.

ஏடிஆர் என்று போட்டிருந்தால் இன்னும் 20 நிமிடம் போல் சேருங்கள். அது விசிறி விமானம், வேகம் குறைவு. பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். தலைக்கு மேல் உள்ள பெட்டி சிறியது. 7 கிலோ டிராலியைக் கீழே சாமான் அறையில் போடச் சொல்லிவிடுவார்கள். பவர் பேங்கை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள், அதைக் கீழ்ச் சாமானில் போட முடியாது.

அண்ணா நகரிலிருந்து கணக்குப் போடுவோம். ஆலந்தூரில் மாறி மெட்ரோவில் விமான நிலையம் சேர, நடையோடு 50 நிமிடம். உங்கள் விமானம் டி1 முனையமா டி4 முனையமா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சாமான் போடும் கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், ஏறும் வாசல் 25 நிமிடம் முன்பு. அதனால் ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. பறப்பு ஒன்றேகால். வெளியே வர 20 நிமிடம், பெல்ட்டில் பெட்டி இருந்தால் இன்னும் கால் மணி. அங்கிருந்து காந்திபுரம் அரை மணி. ஆக நாலரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் சென்ட்ரலில் ஏறினால் 5 மணி 50 நிமிடம். வீட்டுக்கு வீடு ஏழு. மிச்சம் இரண்டரை மணி நேரம்தான். அதற்குத்தான் அந்தக் கூடுதல் காசு. தாம்பரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு நிச்சயம் விமானம் லாபம். பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்கள் யோசிக்க வேண்டும். திருப்பூர், ஈரோடு போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம்: ரயில் அங்கேயே நிற்கிறது, விமானத்தில் போனால் கோவையில் இறங்கி வந்த வழியே திரும்ப வேண்டும். பகலை மிச்சப்படுத்தத்தான் என்றால் சேரன், நீலகிரி இரவு ரயில்களில் படுத்துத் தூங்கினாலே போதும், அதுவும் குறைந்த காசில்.

மார்கழிப் பனியில் காலை முதல் விமானம் தாமதமாகலாம். போகியன்று அதைத் தொடவே வேண்டாம். 2018 போகிப் புகையில் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமல் பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.