ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கேள்வி-பதில் சைட்: குமரி மாவட்டத்துல இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்ல ரேட்டிங் சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. ஸ்காட்லாந்து பார்லிமென்ட்டோட வெப்சைட்ல எம்.எஸ்.பி.மாரு, அதாவது அங்கத்த எம்.எல்.ஏ.க்கள், அரசாங்கத்துகிட்ட கேக்குற கேள்வியும் அதுக்கு மந்திரிமாரு குடுக்குற பதிலும் அப்படியே கெடக்கு. லாகின் கிடையாது, காசு கிடையாது, போன்லயே நல்லா ஓடுது. நாகர்கோவில்ல இருக்கிறவனுக்கு ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோ சபையில என்ன வேலைன்னு கேப்பீங்க. எங்க அக்கா மவ அபர்டீன்ல நர்சா இருக்கா, நம்ம மாவட்டத்துல இருந்து இப்படி போன பிள்ளைய எத்தனையோ பேரு, வீட்டுக்கு வீடு ஒரு ஆளு வெளிய இருக்கு. சம்பள உயர்வு பத்தி வாட்ஸாப்ல ஆளுக்கொரு கதை சுத்திட்டு இருந்தப்ப "மாமா, நீங்க இதெல்லாம் தேடி எடுப்பீங்கல்லா, உண்மை என்னன்னு கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டா. அதுக்காக உள்ள போனவன் தான், இப்ப பேப்பர் படிக்கிற மாதிரி வாராவாரம் பாக்குறேன்.

வேலை செய்யுற விதம் சொல்லுறேன். 129 எம்.எஸ்.பி. உண்டு, அதுல யாரு வேணும்னாலும் எழுத்து மூலமா கேள்வி போடலாம். சபை நடக்குற காலத்துல 10 வேலை நாளுக்குள்ள பதில் வரணும், லீவு காலம்னா 20. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பர் விழும், 2021ல வந்த சபைன்னா எஸ்6டபிள்யூன்னு தொடங்கும், ஆறாவது சபை, எழுத்து கேள்வின்னு அர்த்தம். அந்த நம்பரத் தட்டுனா யாரு கேட்டது, எந்த கட்சி, எந்த தொகுதி, என்னைக்கு போட்டது, எந்த மந்திரி என்னைக்கு பதில் சொன்னாருன்னு எல்லாம் ஒரே பக்கத்துல. பதில் வரலைன்னா வரலைன்னு தெரியும், எந்த தேதிக்குள்ள வரணும்னும் போட்டிருக்கும். எனக்கு இந்த சைட்டுலயே ரொம்ப பிடிச்சது இதுதான், ஏன்னா மந்திரி என்ன சொன்னாருன்னு பேப்பர்ல வரும், மந்திரி இன்னும் சொல்லலைங்கிறது எங்கயும் வராது, இங்க அது தேதியோட நிக்குது.

இன்னொரு நேர்மையான விஷயமும் உண்டு. அரசாங்கத்துக்கு ஒரு அறிவிப்பு வெளியிடணும்னா சில நேரம் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருத்தர வச்சு கேள்வி கேக்க வச்சு அதுக்கு பதிலா அறிவிப்பாங்க. உலகம் பூரா நடக்குறது தான். ஆனா இங்க அப்படி கேட்ட கேள்விக்கு கீழ, இது அரசாங்கமே ஏற்பாடு பண்ணுன கேள்வின்னு குறிப்பு போட்டுடுறாங்க. படிக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை பாருங்க.

இப்ப ஒரு முக்கியமான சங்கதி, இது புரியலைன்னா அந்த சைட்ல பாதி பதில் கோவத்த தான் கெளப்பும். ஸ்காட்லாந்து அரசு தனி நாட்டு அரசு இல்ல, 1998ல லண்டன் பார்லிமென்ட் போட்ட சட்டத்துல பிரிச்சு குடுத்த அதிகாரம், 1999ல சபை கூடுச்சு. ராணுவம், வெளியுறவு, குடியேற்றம், விசா இதெல்லாம் லண்டன் கையில, அதுக்கு ஒரு லிஸ்ட் இருக்கு, அந்த லிஸ்ட்ல இல்லாதது எல்லாம் எடின்பரோவுக்கு. நமக்கு நேர் எதிரு, நம்ம அரசியல் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில மூணு பட்டியல் போட்டு மிச்சம் மீதி எல்லாம் டெல்லிக்கு. இன்னொரு வித்தியாசமும் உண்டு, நம்ம மாநிலத்துக்கு அதிகாரம் அரசியல் சட்டத்துல இருந்தே வருது, அவங்களுக்கு ஒரு சாதாரண சட்டத்துல இருந்து வருது. அதனால எங்க அக்கா மவ சம்பளம் எடின்பரோ விஷயம், அந்த ஊரு ஆஸ்பத்திரி எல்லாம் எடின்பரோ அரசுக்கு கீழ வாற 14 வட்டார ஹெல்த் போர்டு கையில, அதுக்கு மந்திரி பதில் சொல்லியே ஆகணும். ஆனா அவ விசா லண்டன் விஷயம், அத கேட்டா இது எங்க அதிகாரத்துல இல்லன்னு ஒரு வரியில முடிஞ்சு போவும். அவ வாழ்க்கை ஒண்ணுதான், கேக்க வேண்டிய சபை மட்டும் ரெண்டு.

மீன்புடியும் அப்படித்தான். ஸ்காட்லாந்து போட்டுல வேலை பாக்க பிலிப்பைன்ஸ், கானா, நம்ம இந்தியான்னு ஆளுங்க போறாங்க. எவ்வளவு மீன் புடிக்கலாம், எந்த இடத்துல வலை போடலாம்னு எடின்பரோகிட்ட கேக்கலாம், அந்த தொழிலாளிக்கு என்ன விசான்னு கேட்டா லண்டன். கடல்ல ஆளு தவறுனா தேடுற கோஸ்ட் கார்டும் லண்டன் தான். இத படிச்சப்ப எனக்கு ஒக்கி புயல் ஞாபகம் வந்துட்டு. 2017 நவம்பர் 30. மீன்வளம் மாநில பட்டியல், 12 கடல் மைலுக்கு அங்க மீன்புடிக்கிறது மத்திய பட்டியல், கோஸ்ட் கார்டும் நேவியும் மத்திய அரசு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுங்க போறது ஆழ்கடலுக்கு. போனவங்க எங்கன்னு யார்கிட்ட கேக்கணும்னு அந்த வீட்டுப் பொம்பளைகளுக்கு யாரும் சொல்லல, கடைசில டிசம்பர்ல குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்து கேக்க வேண்டி வந்துச்சு. சபையில ஒரு கேள்வி தேதியோட, நம்பரோட, பதில் வராத கணக்கோட வெளிய தெரியணும்னு நான் இவ்வளவு சொல்லுறதுக்கு அந்த டிசம்பர் தான் காரணம்.

சரி, இந்த கேள்வியெல்லாம் கேட்டு என்ன கிடைச்சுன்னு பாக்க ஒரு சப்ஜெக்ட் எடுத்து தேடுங்க, நான் சொல்லுறது பெரி, அதாவது ஆள ஏத்திட்டு போற கப்பல் விவகாரம். ஸ்காட்லாந்துல தீவு சனங்களுக்கு பெரி தான் பஸ், ஆஸ்பத்திரிக்கு போவணும்னாலும் அதுல தான். 2015ல ரெண்டு பெரி கட்ட பெர்குசன்ங்கிற கப்பல் கட்டுற யார்டுக்கு 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம். 2018ல ஓடணும். 2017ல கிளென் சானக்ஸ்ங்கிற கப்பல தண்ணியில எறக்குனாங்க, பாதி வேலை முடியாம ஜன்னல பெயிண்ட்ல வரைஞ்சு எறக்குனாங்க. அப்புறம் யார்டு திவாலாகி 2019ல அரசாங்கமே வாங்குச்சு, செலவு பல மடங்கு ஏறிட்டு, அந்த கப்பல் பயணிகள ஏத்துனது 2025 ஜனவரியில. ரெண்டாவது கப்பல் கிளென் ரோசா அதுக்கும் பிந்திட்டு. பெர்குசன்னு தேடி பழசுல இருந்து புதுசுக்கு வரிசையா படிச்சீங்கன்னா எப்ப முடியும்ங்கிற கேள்விக்கு பதில்ல வாற தேதி கொஞ்சம் கொஞ்சமா நழுவுறது கண்ணு முன்னால தெரியும். ஸ்டர்ஜன், யூசப், ஸ்வின்னின்னு மூணு பர்ஸ்ட் மினிஸ்டர், அதாவது அங்கத்த முதலமைச்சர், மாறியாச்சு, கேள்வி மாறல, பழைய மந்திரி சொன்ன தேதிய வச்சே புது மந்திரிய மடக்குறாங்க. பேப்பர்ல துண்டு துண்டா படிச்சா இது புடிபடாது. கன்னியாகுமரியில படகுத்துறை வரிசையில நிக்கிற ஆளுங்களுக்கும் கண்ணாடி பாலத்துக்கு ஆன 37 கோடி பத்தி பேசுறவங்களுக்கும் நான் சொல்லுறது, ஒரு அரசாங்க திட்டத்த ஆரம்பத்துல இருந்து எப்படி துரத்தணும்னு பாக்க இத விட நல்ல பாடம் கிடைக்காது.

இனி குறைக்கு வாறேன், ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னு. முதல் குறை பதில்ல. ஆயிரக்கணக்குல கேள்வி, அதுல நெறைய பதில் ஒரே அச்சு, கேட்ட விவரம் அரசாங்கத்துகிட்ட மொத்தமா சேத்து வைக்கப்படலை, இது ஹெல்த் போர்டு பாத்துக்கிட வேண்டியது, இது உள்ளூர் கவுன்சில் பாத்துக்கிட வேண்டியது. ஆஸ்பத்திரியில எத்தனை நர்ஸ் வேலை காலின்னு கேட்டா ஒரு லிங்க் குடுத்து அங்க பாருன்னு விட்டுடுறாங்க. 10 நாளுக்குள்ள பதில் வந்துட்டுன்னு கணக்குல ஏறும், ஆனா கேட்டவன் கையில ஒண்ணும் இருக்காது. இது எனக்கு உண்மையிலயே வருத்தம், ஏன்னா நேரத்த கணக்கு வைக்கிற சைட்டு பதிலோட தரத்த கணக்கு வைக்கல. கெட்டிக்கார எம்.எஸ்.பி.மாரு என்ன செய்யுறாங்கன்னா, சரி சேத்து வைக்கலைல்லா, ஏன் வைக்கல, எப்ப இருந்து வைப்பீங்கன்னு அடுத்த கேள்விய போடுறாங்க. ஆனா அந்த ரெண்டு கேள்வியையும் நாம தான் தேடி கோக்கணும். ரெண்டாவது குறை தேடுறதுல, நர்ஸ்னு போட்டா வந்து கொட்டும், தேதியையும் உறுப்பினர் பேரையும் போட்டு வடிகட்டலைன்னா முங்கிப் போவோம். புதுசா வாறவங்களுக்கு எது லண்டன் விஷயம் எது எடின்பரோ விஷயம்னு அந்த தேடுற பக்கத்துலயே ரெண்டு வரியில சொல்லிருக்கலாம்.

நம்ம சபைய பத்தி சொல்லாம விட முடியல. 234 பேரு, அதுல நம்ம மாவட்டத்துக்கு ஆறு பேரு, கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். 2022 ஜனவரியில இருந்து கேள்வி நேரத்த லைவ்ல காட்டத் தொடங்குனாங்க, கொள்ளாம், நல்ல காரியம், மந்திரி பதில் சொல்லுறத நம்ம கண்ணால பாக்கலாம். ஆனா லைவ் ஓடிப் போவும். ரப்பருக்கு என்ன சொன்னாங்க, கோதையாறு தண்ணி கடைமடைக்கு வாறதுக்கு என்ன சொன்னாங்கன்னு அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நம்பரத் தட்டி எடுக்கிறது வேற, வீடியோவ ஓட்டி ஓட்டி தேடுறது வேற. லோக்சபா சைட்ல எம்.பி. பேரு போட்டு, அமைச்சகம் போட்டு தேடுனா கேள்வியும் பதிலும் பிடிஎப்பா வருது, அதாவது நம்ம நாட்டுலயே இது முடியுது. தமிழ்நாட்டு சபைக்கு எஸ்6டபிள்யூ மாதிரி நிலையான நம்பரும், பதில் பாக்கின்னு காட்டுற கட்டமும் தமிழ்ல வேணும். நம்ம மண்ணுக்கு இது அந்நியமான பழக்கம் இல்ல. திருவிதாங்கூர்ல 1888லயே சட்டசபை, 1904ல ஸ்ரீமூலம் பிரஜா சபை, நம்ம தாலுகா ஆளுங்க திருவனந்தபுரத்துல திவானுக்கு முன்னால குறைய எந்திரிச்சு சொன்ன காலம் அது. தாழ்த்தப்பட்ட சனங்களோட தலைவர் அய்யன்காளி அந்த சபையில இருந்துதான் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடமும் நிலமும் கேட்டாரு.

பிரிட்டன்ல இதே மாதிரி இருக்கிற மத்த ரெண்டு சபையும் பாத்தேன், சுருக்கமா சொல்லிடுறேன். வேல்ஸ் சபையில வெல்ஷும் இங்கிலீஷும் சமம், ரெண்டு மொழியிலயும் கேள்வி கேக்கலாம், தாய்மொழியில ஆட்சிய பத்தி பேசுறவங்க கண்டிப்பா பாக்கணும். வட அயர்லாந்துல எழுத்து கேள்விக்கு ஏ.க்யூ.டபிள்யூ.ன்னு நம்பர் வரும், ஆனா கட்சி சண்டையில 2022ல இருந்து 2024 பிப்ரவரி வரைக்கும் அரசாங்கமே அமையல, கேக்க மந்திரி இல்லைன்னா சைட்டு எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அங்க பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரங்க அவங்ககிட்ட சொல்லி குடுங்க. விசாவில போனாலும் நம்ம காமன்வெல்த் நாட்டுக்காரங்களுக்கு ஸ்காட்லாந்து தேர்தல்ல ஓட்டு உண்டு, 16 வயசு போதும், பேரு பதியணும் அவ்வளவுதான். தொகுதிக்கு ஒண்ணு, வட்டாரத்துக்கு ஏழுன்னு எட்டு எம்.எஸ்.பி. ஒவ்வொருத்தருக்கும் இருக்காங்க, கேள்வி போட அவங்களுக்கு தான் உரிமை, அதனால அதுல ஒருத்தருக்கு இன்ன கேள்விய போடுங்கன்னு மெயில் எழுதலாம். எங்க அக்கா மவ எழுதிட்டா. சும்மா பாக்குறவங்களுக்கு, வியாழக்கிழமை பர்ஸ்ட் மினிஸ்டர் கேள்வி நேரம், அங்க மதியம் 12, நமக்கு குளிர்காலத்துல சாயந்திரம் 5.30, கோடையில 4.30. அதுல சத்தம் தான் ஜாஸ்தி, கட்சித் தலைவர்மாரு மோதுறது. புதன்கிழமை துறைவாரியா கேக்குறது பாருங்க, அத விட எழுத்து பதில படிங்க, சரக்கு அங்க தான் இருக்கு.